நீட் உயிரியல் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: தேர்வு முடிந்த மாலை முதல் இறுதி விடைக்குறிப்பு வரை

நீட் எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் விடைகளை ஒப்பிடாமல் இருக்கப் போவதில்லை. "முடிஞ்சது முடிஞ்சு போச்சு, அதப் பேசாத" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் உயிரியல் சொல்லித் தரும் மதுரைப் பக்கத்து மாணவர்களில் யாரும் அதைக் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. முறையாக ஒப்பிட்டால் நம் மதிப்பெண் எந்த எல்லைக்குள் நிற்கும் என்பது தெரியும். நீட்டை நடத்தும் தேசிய தேர்வு முகமையின் விடைக்குறிப்பில் பிழை இருந்தால் கெடு முடிவதற்குள் சுட்டிக்காட்டலாம். முறையில்லாமல் ஒப்பிட்டால், சரியாக எழுதிய விடையையே தவறென்று நம்பி ஒரு மாதம் தூக்கம் கெடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: யார் சொன்னார்கள் என்று பார்க்காமல் எந்தப் புத்தகத்தில் எந்த வரி என்று பார்ப்பது.

உயிரியலுக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், 2025 முறைப்படி மொத்தம் உள்ள 180 வினாக்களில் 90 உயிரியல். 720 மதிப்பெண்ணில் 360. அதோடு, இரண்டு பேர் ஒரே மொத்த மதிப்பெண் எடுத்தால் யார் முன்னே என்பதை முதலில் உயிரியல் மதிப்பெண்ணை வைத்தே தீர்மானிக்கிறார்கள். வேதியியலும் இயற்பியலும் அதற்குப் பிறகுதான்.

தேர்வு முடிந்த மாலை

2025இல் தேர்வு மே 4ஆம் தேதி, மதியம் 2 முதல் 5 மணி வரை நடந்தது. கத்தரி வெயில் தொடங்கும் நாள். காலையிலிருந்து மர நிழல் தேடி உட்கார்ந்திருந்த அப்பா அம்மாவிடம் போய்ச் சேரும்போது உங்களுக்கும் அவர்களுக்கும் களைப்பு ஒன்றுதான். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வினாத்தாள் புக்லெட்டைப் பத்திரப்படுத்துவது மட்டும். விடைகளுக்கான வட்டங்களைக் கருப்படித்த ஓஎம்ஆர் தாளைக் கண்காணிப்பாளரிடமே கொடுத்துவிட வேண்டும், அதன் நகலும் கையில் வராது. வெளியே எடுத்து வர முடிவது புக்லெட் ஒன்றுதான். அதன் கோடு (code) எண் என்ன என்று அப்போதே ஒரு தடவை பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பல பிள்ளைகள் வழியிலேயே அதை மடித்து விசிறிக்கொண்டு வந்து கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள்.

பஸ்ஸில் பேச்சு நடக்கும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் எந்தப் பக்கம் போகிற பஸ்ஸானாலும் அன்று மாலை ஒரு குழு இருக்கும்.

"மாப்ள, 137க்கு என்னடா போட்ட?"

"மூணு போட்டேன்."

"போச்சுடா, நான் ஒண்ணு."

இந்த மூன்று வரியில் எந்தத் தகவலும் இல்லை. ஒவ்வொரு கோடிலும் வினாக்களின் வரிசை வேறு. ஒருவருக்கு 137ஆவது வினாவாக வந்தது பக்கத்து சீட்காரருக்கு 102ஆக வந்திருக்கும். விருப்பங்களின் வரிசையும் மாறியிருக்கலாம். இப்படிக் கேட்டுவிட்டுக் கலங்கிப் போன பிள்ளைகள் நிறையப் பேர். பஸ்ஸில் கேட்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எதையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் "எத்தன மார்க்கு வரும்யா?" என்று கேட்டால் "ரெண்டு நாள் குடுங்கப்பா, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று சொல்லலாம். பெற்றோரும் அந்த இரண்டு நாளைக் கொடுங்கள்.

முதலில் தனியாக உட்காருங்கள்

குளித்து, சாப்பிட்டு, முடிந்தால் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, எந்த விடைத்தொகுப்பையும் திறக்காமல் புக்லெட்டையும் ஒரு நோட்டையும் எடுங்கள். இதை அன்றிரவோ மறுநாள் காலையோ முடித்துவிட வேண்டும். நாள் போகப் போக, நாம் எதைக் கருப்படித்தோம் என்பதும் பிறகு எதைக் கேள்விப்பட்டோம் என்பதும் கலந்துவிடும். நண்பன் அழுத்தமாக "ரெண்டுதான்" என்று சொன்ன பிறகு, நாமும் இரண்டாவது விருப்பத்தைப் போட்டதாகவே நினைவு சொல்லும்.

நோட்டில் 90 உயிரியல் வினாக்களுக்கும் வரிசையாக எழுதுங்கள்: நான் கருப்படித்த விடை எது, அதைப் பற்றிய என் உறுதி எவ்வளவு. உறுதிக்கு நான்கு குறி போதும். உறுதியாகத் தெரிந்து போட்டது, இரண்டு விருப்பங்களுக்குள் தடுமாறிப் போட்டது, ஊகித்துப் போட்டது, விட்டுவிட்டது. எதைக் கருப்படித்தோம் என்பதே நினைவில்லாத வினாக்கள் சில இருக்கும். அவற்றுக்கு ஒரு கேள்விக்குறி போட்டு அப்படியே விடுங்கள், நல்லதாக நினைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள். புக்லெட்டிலேயே விடையைக் குறித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும்.

இந்தத் தாள்தான் இனிமேல் உங்கள் ஆவணம். இதில் இருக்கும் விடைகளைப் பிறகு யார் சொன்னாலும் திருத்தக்கூடாது. சரியா தவறா என்பதைப் பக்கத்துப் பத்தியில் எழுதலாம்.

கூடி ஒப்பிடும்போது

மூன்று அல்லது நான்கு பேர் போதும். பத்துப் பேர் கூடினால் சத்தமாகப் பேசுகிறவர் விடை ஜெயித்துவிடும். குழுவில் ஒருவராவது தமிழ் வழியில் படித்தவரும் ஒருவராவது ஆங்கில வழியில் படித்தவரும் இருந்தால் நல்லது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒருவர் வினாவை முழுவதுமாக வாசிக்க வேண்டும். "அந்த சி4 தாவரக் கேள்வி" என்று சுருக்கக்கூடாது. மற்றவர்கள் விருப்ப எண்ணைச் சொல்லாமல், தாங்கள் தேர்ந்தெடுத்த விடையின் வாசகத்தைச் சொல்ல வேண்டும். எல்லோர் விடையும் ஒன்றாக இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். வேறுபட்டால்தான் நிற்க வேண்டும், அங்கே கை தூக்கி எண்ணுவது வேண்டாம். மூன்று பேர் ஒரே தவறைச் செய்வது உயிரியலில் சாதாரணம், ஏனென்றால் அவர்கள் மூவரும் ஒரே ஆசிரியரின் ஒரே நோட்ஸைப் படித்திருப்பார்கள்.

வேறுபாடு எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சில இடங்கள்தான்.

இரண்டு கூற்றுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்கும் வினா முதல் இடம். இதில் கடைசி விடையை ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாகச் சரியா தவறா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு. கூற்று 1: குன்றல் பகுப்பில் குறுக்கேற்றம் பாக்கிடீன் நிலையில் நடக்கிறது. கூற்று 2: கயாஸ்மாக்கள் டிப்ளோட்டீன் நிலையில் புலப்படுகின்றன. இரண்டும் சரி. ஆனால் குறுக்கேற்றமும் கயாஸ்மாவும் ஒரே நேரத்தில் நிகழ்வதாக மனத்தில் பதிந்த மாணவர், ஏதோ ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருப்பார். கூற்று கூற்றாகப் பிரித்துக் கேட்டால் அவர் இடறிய இடம் அவருக்கே தெரிந்துவிடும்.

கூற்று, காரணம் வகையில் இன்னொரு படி உண்டு. இரண்டும் சரி என்பதில் எல்லோரும் ஒத்துப் போவார்கள். காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்பதில்தான் சண்டை வரும். "ஏனென்றால்" என்ற சொல்லை நடுவில் போட்டு இரண்டையும் ஒரே வாக்கியமாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் தொடர்கிறதா இல்லையா என்பது காதுக்கே தெரியும்.

பொருத்துக வினாவில் நான்கு இணைகளையும் தனியாகச் சரிபாருங்கள். உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு இணையை வைத்து மற்ற விருப்பங்களைக் கழித்து விடை கண்டவர் இருப்பார். அது சரியான உத்திதான். அந்த ஒரு இணை உண்மையில் சரியா என்பதை மட்டும் புத்தகத்தில் பார்த்தால் போதும்.

வினாவின் ஒரு சொல்லில் தடுக்கி விழுவது அடுத்தது. சி4 தாவரங்களில் முதன்மை கார்பன் டை ஆக்சைடு ஏற்பி எது என்று கேட்டால் விடை மூன்று கார்பன் கொண்ட பாஸ்போ ஈனால் பைருவேட். முதல் நிலையான விளைபொருள் எது என்று கேட்டால் நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டிக் அமிலம். ருபிஸ்கோ எந்தச் செல்களில் இல்லை என்று கேட்டால் இலையிடைத் திசு. மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும் செய்திகள்தான், கேட்ட சொல்தான் வேறு. "தவறானதைத் தேர்ந்தெடு" என்பதைக் கவனிக்காமல் சரியானதைத் தேர்ந்தெடுத்தவர்களும் இந்த வகைதான். இனுலின் என்று அச்சாகியிருப்பதை இன்சுலின் என்று வாசித்துவிடுவதும் நடக்கும். இனுலின் ஃபிரக்டோஸால் ஆன பாலிசாக்கரைடு, இன்சுலின் ஒரு புரத ஹார்மோன். அவசரத்தில் ஒரு எழுத்து தப்பினால் விடை மொத்தமும் மாறிவிடும்.

கணக்கு வரும் மரபியல் வினாக்களுக்கு விவாதமே தேவையில்லை, காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஹார்டி வெயின்பெர்க் சமநிலையில் உள்ள ஒரு தொகையில் ஒடுங்கு பண்பைக் காட்டுவோர் 16 சதவீதம், கலப்புயிரிகள் எவ்வளவு என்று கேட்டால், ஒடுங்கு அல்லீலின் அலைவெண் 0.4, ஓங்கு அல்லீலின் அலைவெண் 0.6, இரண்டையும் பெருக்கி மீண்டும் இரண்டால் பெருக்க 0.48, அதாவது 48 சதவீதம். 24 என்று விடை வந்தவர் அந்தக் கடைசி இரண்டை மறந்திருக்கிறார்.

இதையெல்லாம் ஒரே இருப்பில் 90 வினாவுக்கும் செய்ய முயல வேண்டாம். தாவரவியல் ஒரு நாள், விலங்கியல் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிப்பு, எந்த வரி

குழுவில் தீராத வினாக்களுக்கு மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி வெளியிடும் 11, 12ஆம் வகுப்பு உயிரியல் புத்தகங்கள்தான் முதல் சாட்சி. தமிழ்நாட்டுப் பாடநூல் நல்ல புத்தகம், பல இடங்களில் இன்னும் விரிவாகவே இருக்கிறது. ஆனாலும் இரண்டுக்கும் சொல்லில் வேறுபாடு வரும்போது நீட் விவாதத்தில் எடுபடுவது என்சிஇஆர்டியின் வாசகம்தான். கையில் புத்தகம் இல்லையென்றால் என்சிஇஆர்டியின் இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத்தான் பயன்படுத்துங்கள் என்பேன், ஏனென்றால் பழைய புத்தகக் கடையில் வாங்கியதோ அண்ணன் அக்கா வைத்திருந்ததோ பழைய பதிப்பாக இருக்கலாம். செரிமானம், தாவரங்களில் கடத்துதல் போன்ற பாடங்கள் புதிய பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன.

பதிப்பு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2024ஆம் ஆண்டே சான்று. இயற்பியலில் அணுக்களைப் பற்றிய ஒரு வினாவுக்குப் பழைய என்சிஇஆர்டி புத்தகத்தின்படி ஒரு விடையும் புதிய புத்தகத்தின்படி இன்னொரு விடையும் வந்தன. தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் டெல்லி ஐஐடியின் நிபுணர் குழுவிடம் கேட்டு, ஒரு விடைதான் சரி என்ற அவர்கள் கருத்தை ஏற்றது. இன்னொரு விடையைப் போட்டவர்களுக்கு 4 போய் மைனஸ் 1 ஆனது. ஜூலை மாத இறுதியில் முடிவுகள் திருத்தி வெளியிடப்பட்டன, முழு மதிப்பெண் பெற்றிருந்தவர்களில் பலர் கீழே இறங்கினார்கள். உயிரியல் வினாவிலும் இது நேரலாம். ஆகவே பக்கத்தைக் குறிக்கும்போது வகுப்பு, பாடத்தின் பெயர், பக்க எண், பதிப்பு ஆண்டு நான்கையும் எழுதி வையுங்கள். பின்னால் விடையை எதிர்த்து விண்ணப்பிக்கும்போது அப்படியே உதவும்.

கோச்சிங் சென்டர்கள் அன்றிரவே வெளியிடும் விடைத்தொகுப்புகள் பெரும்பாலான வினாக்களுக்கு நம்பத் தகுந்தவை. ஒன்றை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் கோடுக்கானதுதானா என்பதையும் உறுதி செய்யுங்கள். எல்லாம் ஒத்துப் போகும் வினாக்களைத் தீர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குள்ளேயே வேறுபாடு இருந்தால், அந்த வினாவைச் சந்தேகப் பட்டியலில் போடுங்கள்.

தமிழில் எழுதியவர்களுக்கு

தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களின் புக்லெட்டில் வினா தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டுக்கும் பொருள் வேறுபட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. தமிழ் வாசகத்தை மட்டும் படித்து விடை போட்ட வினாக்களில் உங்கள் விடை எல்லோரிடமிருந்தும் மாறி நின்றால், உங்கள் பாட அறிவைச் சந்தேகிக்கும் முன்பு இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். குழுவில் இரு வழியிலும் படித்தவர்கள் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

இது வெறும் சந்தேகம் இல்லை. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டு, வினாவுக்கு 4 என 196 மதிப்பெண் வழங்க வேண்டும் என்று ஜூலை மாதம் உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை முதலில் நிறுத்தி வைத்து, பிறகு ரத்து செய்துவிட்டது. தமிழில் எழுதியவர்களுக்கு அந்த மதிப்பெண் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய அநீதி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். அதனாலேயே மொழிபெயர்ப்புப் பிழையைக் கண்டால், நீதிமன்றம் வரை காத்திருக்காமல், தேர்வு முகமை விடைக்குறிப்பை எதிர்க்க வாய்ப்புத் தரும் நாட்களிலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள்.

மதிப்பெண்ணை எல்லையாகச் சொல்லுங்கள்

சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, விட்டதற்கு 0. ஆகவே சந்தேகத்தில் இருக்கும் ஒவ்வொரு வினாவும் 5 மதிப்பெண் ஆட்டம் காட்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். 90இல் 68 சரி என்று உறுதி, 9 தவறு என்று உறுதி, 5 விட்டது, 8 சந்தேகம். உறுதியானவற்றில் 272 கழித்தல் 9, அதாவது 263. சந்தேகமான எட்டும் தவறானால் 255, எட்டும் சரியானால் 295. உங்கள் உயிரியல் மதிப்பெண் 255க்கும் 295க்கும் இடையில். எதைக் கருப்படித்தோம் என்று நினைவில்லாதவற்றையும் அந்தச் சந்தேகப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் சொல்லும்போதும் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். 295 என்று மட்டும் சொன்னால் ஊரில் இருக்கும் மாமா, சித்தப்பா எல்லோருக்கும் அந்த எண்தான் போய்ச் சேரும். முடிவு வரும் நாளில் அதிலிருந்து குறைந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

போன வருடக் கட் ஆஃபோடு ஒப்பிட்டு, மதுரை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று இப்போதே தீர்மானிக்காதீர்கள். தாள் கடினமானால் கட் ஆஃப் இறங்கும், எளிதானால் ஏறும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குக் கட் ஆஃப் தனி. அந்த மாணவர்கள் பொதுப்பிரிவு எண்ணைப் பார்த்து நம்பிக்கை இழப்பதைக் காணும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

காத்திருக்கும் நாட்கள்

பிளஸ் 2 முடிவும் அதே வாரத்தில்தான் வருகிறது. 2023இலும் 2024இலும் நீட் முடிந்த மறுநாளே வந்தது, 2025இல் நான்கு நாள் கழித்து. நீட் விடைகளிலேயே மூழ்கியிருந்தால் மற்ற விண்ணப்பங்களின் கடைசித் தேதி தவறிவிடும். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களுக்கும், பி.எஸ்சி. நர்சிங்குக்கும், வேளாண்மைக்கும் பிளஸ் 2 மதிப்பெண்தான் அடிப்படை. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி நம் ஊர்ப் பக்கத்திலேயே 1965 முதல் இருக்கிறது. தாவரவியலை விரும்பிப் படித்த பிள்ளைகள் அதையும் பட்டியலில் வையுங்கள்.

ஒப்பிட்ட பிறகு குழுவில் யாராவது பேச்சைக் குறைத்துவிட்டால், சாப்பிடாமல் இருந்தால், போனை எடுக்காமல் போனால், நேரில் வீட்டுக்குப் போங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்கள் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சுகாதார உதவி எண்ணான 104க்கோ, மனநல உதவிக்கான 14416க்கோ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதில் தயக்கம் வேண்டாம்.

விடைக்குறிப்பும் ஓஎம்ஆர் படமும் வந்ததும்

தற்காலிக விடைக்குறிப்பு 2024இல் மே 29, 2025இல் ஜூன் 3 ஆகிய நாட்களில் வந்தது. எதிர்க்கக் கிடைத்த அவகாசம் சில நாட்கள்தான், 2025இல் ஜூன் 5 வரை. ஆகவே மே கடைசி வாரத்திலிருந்து தேர்வு முகமையின் இணையதளத்தைத் தினமும் பாருங்கள், பதிவு செய்த மின்னஞ்சலின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் மெயில் தொடங்கிக் கொடுத்தவர்கள் அதை இப்போதே திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் ஓஎம்ஆர் படத்தைத் திறங்கள். விடைக்குறிப்பு பிறகு. படத்தில் இருக்கும் உங்கள் விடையையும், தேர்வு முகமை பதிவு செய்திருக்கும் விடையையும், உங்கள் நோட்டுத் தாளையும் வரிசையாக ஒப்பிடுங்கள். நீங்கள் கருப்படித்த வட்டத்தை இயந்திரம் வேறாகப் படித்திருந்தால் அது ஒரு தனி முறையீடு. விடைக்குறிப்பில் உள்ள விடையே தவறு என்பது வேறு முறையீடு. 2025இல் இரண்டுக்கும் ஒரு வினாவுக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காது.

விடைக்குறிப்பை எதிர்ப்பதென்றால், உங்கள் சந்தேகப் பட்டியலில் என்சிஇஆர்டி வரி உங்கள் பக்கம் தெளிவாக இருக்கும் வினாக்களை மட்டும் எடுங்கள். அந்தப் பக்கத்தின் பிடிஎஃப்பை இணைத்து, வரியை மேற்கோளாகக் கொடுத்து, ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுங்கள். முறையீடு ஏற்கப்பட்டால் அந்தத் திருத்தம் எல்லோருக்கும் பொருந்தும். அதனால் நான்கு நண்பர்கள் ஒரே வினாவுக்கு நான்கு தடவை பணம் கட்ட வேண்டியதில்லை. ஒருவர் கட்டினால் போதும், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

திருத்தம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரி என்றானால், அவற்றில் ஏதேனும் ஒன்றைப் போட்டவர்களுக்கு மட்டும் 4 மதிப்பெண். வினாவே தவறு என்று நீக்கப்பட்டால் தேர்வெழுதிய எல்லோருக்கும் 4, விட்டவர்களுக்கும் சேர்த்து. இது உங்கள் தாளில் எத்தனை வினாக்களைப் பாதிக்கும் என்று முன்பே குறித்து வைத்தால் எல்லையை உடனே திருத்திக்கொள்ளலாம்.

இறுதி விடைக்குறிப்பு வந்து முடிவும் வெளியான பிறகு மறுகூட்டலும் மறுமதிப்பீடும் கிடையாது. உங்கள் எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் இறுதி விடைக்குறிப்பையும் ஓஎம்ஆர் படத்தையும் வைத்து ஒரு தடவை கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் இரண்டு விருப்பங்களுக்குள் தடுமாறிய வினாக்களில்தான் அது அடங்கியிருக்கும். ஓஎம்ஆர் படம், இறுதி விடைக்குறிப்பு, மதிப்பெண் அட்டை மூன்றையும் தளத்திலிருந்து எடுக்கப்படும் முன் இறக்கி, அம்மா அப்பா போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மாநில கலந்தாய்வுக்கான அறிவிப்பைப் பார்க்கத் தொடங்குங்கள்.